ஒன்றும் இல்லை

ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வருகிறவரிடம் தெருவில் கேட்கப்படும் முதல் கேள்வி, "டாக்டர் என்ன சொன்னாரு?" என்பது. அதற்குச் சொல்லக்கூடிய பதில்களில் ஆகச் சிறந்தது "ஒண்ணும் இல்லன்னுட்டாரு" என்பதுதான். கேட்டவருக்கும் நிம்மதி, சொன்னவருக்கும் நிம்மதி. எலும்பு முறிவு மருத்துவனாக இருபது வருடத்துக்கும் மேலாக இந்த இரண்டு சொற்களை எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. எக்ஸ்ரேயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, மேலும் கீழும் ஒருமுறை பார்த்து, "ஒண்ணும் இல்லம்மா, போயிட்டு வாங்க." பெரும்பாலும் அது உண்மையாகவே இருந்திருக்கிறது. ஒரு பெண்ணிடம் அதை மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் அது பொய். தெரிந்தே சொன்ன பொய் இல்லைதான். ஆனால் தெரியாமல் சொன்னேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியுமா என்ற கேள்வி இன்னும் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

அவர் தென்காசிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். பீடி சுற்றுகிற வேலை. அந்தப் பக்கத்தில் அது தனியாகச் சொல்ல வேண்டிய செய்தியே இல்லை; தெருவில் நடந்தால் திண்ணைக்குத் திண்ணை மடியில் சுளகை வைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். இலையை முன்கூட்டியே தண்ணீரில் நனைத்து ஈரத்துணியில் பொதிந்து வைக்க வேண்டும். பிறகு அந்த ஈர இலையை எடுத்து, தகட்டை மேலே வைத்துக் கத்தரியால் அளவாக வெட்டி, தூளைப் பரப்பிச் சுருட்டி, நுனியை மடக்கி, நூல் கட்ட வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. விரல் நுனிகள்தான் முதலீடு. அவருக்கு இடது கை மோதிர விரலில், நகத்துக்கு அடியில் வலி.

"ஈர எலையத் தொட்டா உசுரு போயிட்டு வருது சார். சாரல் காத்து அடிச்சா வேலையே ஓடல. வெயில் காலத்துல கொஞ்சம் தேவல. இந்த எடத்துல மட்டுந்தான் சார், வேற எங்கயும் இல்ல."

நோயின் முழு விவரமும் இந்த நான்கு வாக்கியங்களில் இருந்தது. குளிர்ந்தால் வலி, தொட்டால் வலி, ஒரே புள்ளியில் வலி. அவர் படித்ததில்லை, ஆனால் பாடப்புத்தகத்தில் இருக்கிற வரிசையில் சொன்னார். நான் விரலை எக்ஸ்ரே எடுத்தேன். எலும்பு சுத்தமாக இருந்தது. மேலே வீக்கமில்லை, சிவப்பில்லை, சீழில்லை. வலி மாத்திரை ஐந்து நாளைக்கு எழுதினேன். "ஒண்ணும் இல்லம்மா."

சில மாதம் கழித்து மறுபடியும் வந்தார். இந்த முறை கழுத்தை எக்ஸ்ரே எடுத்தேன். அந்த வயதுக்கு மேல் பலருடைய கழுத்திலும் கொஞ்சம் தேய்மானம் தெரியும்; அவருக்கும் தெரிந்தது. கழுத்திலிருந்து நரம்பு வழியாக விரலுக்கு வலி இறங்குகிறது என்று விளக்கம் சொல்லிக் கழுத்துப் பட்டை எழுதிக் கொடுத்தேன். தேடுகிற இடத்தில் காரணம் கிடைக்காவிட்டால் கிடைக்கிற இடத்தில் காரணத்தைத் தேடுவது எங்கள் தொழிலில் சாதாரணம்.

மூன்றாவது முறை மாமியாரோடு வந்தார். புறநோயாளிப் பிரிவில் காலை நேரம். வெளியே நூறு பேருக்கு மேல் நின்றார்கள். மாமியார் என்னிடம் நேராகக் கேட்டார்: "ஐயா, இவளுக்கு நெசமாவே வலிக்கா? பாத்திரம் கழுவச் சொன்னா வலிக்குங்கா, எல வெட்டச் சொன்னா வலிக்குங்கா. சோறு திங்கும்போது மட்டும் வலிக்கல்ல."

அவர் வலது கையால்தான் சாப்பிட்டிருப்பார், வலி இடது கையில் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. "பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்லம்மா. மனசுதான் கொஞ்சம் சரியில்ல. ராத்திரி தூங்கறதுக்கு ஒரு மாத்திரை தர்றேன்" என்றேன். அமிட்ரிப்டிலின் எழுதினேன். மாமியாரின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. மருமகள் எதுவும் பேசவில்லை. சீட்டை வாங்கி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனார். அந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவருக்கு என்ன பெயர் வந்திருக்கும் என்று யோசிக்க எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. "பெரிய டாக்டரே சொல்லிட்டாரு." வீட்டுச் சண்டையாக இருந்த ஒன்றை நான் தீர்ப்பாக எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த சாரலில் அவர் வந்தபோது நான் இருக்கையில் இல்லை. பயிற்சி மருத்துவராக வந்திருந்த ஒரு பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பி வரும்போது, கேஸ் சீட்டைக் கோத்திருந்த பேப்பர் கிளிப்பைப் பிரித்து நேராக்கி, அதன் நுனியால் அவருடைய நகத்தின் மேல் ஒவ்வொரு இடமாக மெல்ல அழுத்திக்கொண்டிருந்தாள். இங்கே? இல்லை. இங்கே? இல்லை. இங்கே? நோயாளி கையை உதறிக்கொண்டு நாற்காலியோடு பின்னால் போனார். ஒரு மில்லிமீட்டர் தள்ளி அழுத்தினால் ஒன்றுமில்லை. மறுபடி அந்தப் புள்ளி. மறுபடி அதே துடிப்பு.

"சார், ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு அவள் ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையை எடுத்தாள். நோயாளியின் கையை மேலே தூக்கிப் பிடித்து ரத்தத்தை வடியவிட்டு, பட்டையைச் சுற்றி, ரத்த ஓட்டம் நிற்கிற அளவுக்குக் காற்றடித்தாள். இப்போது அதே புள்ளியில் அதே கிளிப்பால் அழுத்தினாள். வலிக்கவில்லை. காற்றை இறக்கினாள். வலி திரும்பி வந்தது. அந்த அம்மா அழ ஆரம்பித்தார். வலியால் அழுகிறார் என்று நினைத்தேன். "இத்தன வருசத்துல இப்பத்தான் சார் ஒருக்கா நின்னுச்சு" என்றார்.

பேப்பர் கிளிப்பும் அழுத்தப் பட்டையும். இரண்டும் என் மேஜையிலேயே இத்தனை வருடமும் கிடந்தவை.

குளோமஸ் கட்டி என்று பெயர். நம் தோலுக்கு அடியில், குறிப்பாக விரல் நுனிகளில், குளோமஸ் என்கிற நுண்ணிய அமைப்புகள் உண்டு. வாய்க்காலில் மடை மாதிரி. நுண்தமனியில் வருகிற ரத்தத்தைத் தந்துகிகளுக்குள் போகவிடாமல் நேராகச் சிரைக்குத் திருப்பிவிடுவதும் விடாததும் அதன் வேலை. உடம்பின் சூட்டைக் காப்பதில் அதற்குப் பங்கு உண்டு. அந்த மடையின் தசைச் செல்கள் கட்டுமீறிப் பெருகினால் சின்னக் கட்டியாகிறது. பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. நகத்துக்கு அடியில் இருப்பது மிளகளவுகூடத் தேறாது. புற்றுநோயாக இருப்பது மிக மிக அபூர்வம். ஆனால் மேலே நகம், கீழே எலும்பு, நடுவில் விரிய இடமில்லாத சந்து. கட்டியைச் சுற்றி நரம்பிழைகள் வேறு. குளிர் பட்டால் சுருங்கி விரிவதற்கென்றே படைக்கப்பட்ட திசு என்பதால் குளிர்தான் அதற்கு எதிரி. எக்ஸ்ரேயில் சிலருக்கு மட்டும் எலும்பில் ஒரு சின்னக் குழிவு தெரியும். அவருக்குத் தெரியவில்லை.

மருத்துவக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது கட்டி என்றால் வலிக்காதது என்றுதான் மனதில் பதியும். வலிக்காத கட்டியைக் கண்டுதான் பயப்பட வேண்டும், வலித்தால் அது சீழாக இருக்கும் என்பார்கள். வலிக்கிற கட்டிகள் விதிவிலக்கு. அவற்றை நினைவில் வைக்க முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஏஞ்சல்' என்று ஒரு சூத்திரம் உண்டு. அதில் ஜி என்பது குளோமஸ். தேவதை என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ.

"பரீட்சைக்குப் படிச்சது இன்னும் மறக்கல சார்" என்று அந்தப் பெண் கூச்சத்தோடு சொன்னாள். நானும் படித்தவன்தான். என் கையில் ஒரு வினாத்தாளைக் கொடுத்து, "முப்பத்தைந்து வயதுப் பெண், விரல் நுனியில் கடும் வலி, குளிரில் கூடுகிறது, ஒரே புள்ளியில் தொட்டால் வலிக்கிறது, என்ன நோய்?" என்று கேட்டிருந்தால் பத்து நொடியில் விடையைக் குறித்திருப்பேன். காகிதத்தில் வந்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன். ஆளாக வந்தார், கண்டுபிடிக்கவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. வினாத்தாளில் வருகிற நோயாளி பொய் சொல்வதில்லை. அவள் வலிக்கிறது என்றால் வலிக்கிறது. அதற்கு மேல்தான் யோசனை ஆரம்பிக்கும். என் முன்னால் நாற்காலியில் உட்கார்கிறவளிடம் நான் முதலில் தீர்மானிப்பது வேறு: இவள் சொல்வதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது? அந்தத் தராசில் நிறுத்திக் கழித்தது போக மிஞ்சியதுதான் என் மூளைக்குள் போகிறது. 'சாரல் காத்து', 'ஈர எலை', 'இந்த எடத்துல மட்டுந்தான்' எல்லாம் கழிவில் போய்விட்டன.

இது எல்லோருக்கும் ஒரே தராசு என்றாலாவது பரவாயில்லை. அதே காலத்தில் ஒரு வங்கி மேலாளர் கட்டைவிரல் வலி என்று வந்தார். அவருக்கும் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. எழுதினேன். அவரிடம் மனசு சரியில்லை என்று சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. மிராண்டா ஃப்ரிக்கர் என்கிற தத்துவப் பேராசிரியர் 2007-இல் எழுதிய ஒரு புத்தகத்தில், ஒருவரின் சாட்சியத்தை அவர் யார் என்பதை வைத்துக் குறைத்து மதிப்பிடுவதும் ஓர் அநீதி, அறிகிறவர் என்ற தகுதியிலேயே அவரைக் காயப்படுத்துவது என்கிறார். நம்மூரில் இதற்குத் தத்துவம் தேவையில்லை. 'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்று எவ்வளவோ காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். சொல்லிக்கொண்டே செய்துகொண்டும் இருக்கிறோம்.

இந்தக் கட்டியின் வரலாற்றில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. எடின்பரோவில் வில்லியம் வுட் என்ற அறுவை மருத்துவர் 1812-இல் இதைப் பற்றி எழுதினார். தோலுக்கு அடியில் வருகிற, கடுமையாக வலிக்கிற சின்ன முடிச்சு என்பது அவர் வைத்த பெயர். அது என்ன திசு, எதனால் வருகிறது, எதற்காக இப்படி வலிக்கிறது என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. அதைப் பியர் மாஸோன் என்கிற பிரெஞ்சு நோயியல் நிபுணர் நுண்ணோக்கியில் பார்த்து, இது குளோமஸிலிருந்து வருவது என்று 1924-இல்தான் எழுதினார். நடுவில் 112 வருடம். கிளிப் சோதனையை மேயோ கிளினிக்கின் லவ் என்பவர் 1944-இல் எழுதினார். ரத்த ஓட்டத்தை நிறுத்திப் பார்ப்பதை ஹில்ட்ரெத் 1970-இல். வுட்டிடம் இவை எதுவும் கிடையாது. மயக்க மருந்துகூடக் கிடையாது; ஈதர் 1846-இல்தான் வந்தது. வுட் செய்ததெல்லாம், வெவ்வேறு ஆட்கள் வந்து சொன்ன ஒரே மாதிரியான நம்பமுடியாத பேச்சை நம்பி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததுதான். விளக்கம் இல்லாமலே ஒரு வலியை ஏற்றுக்கொள்ள முடிந்திருக்கிறது அவரால். எனக்கு விளக்கம் எல்லாம் புத்தக அலமாரியில் இருந்தது.

டபிள்யூ. கே. கிளிஃபோர்டு என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1877-இல் எழுதிய கட்டுரை ஒன்று தத்துவ மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும். போதிய ஆதாரம் இல்லாமல் எதையும் நம்புவது தவறு, எப்போதும், யாருக்கும் தவறு என்பது அவர் வாதம். ஒரு கப்பல் முதலாளியை உதாரணமாகச் சொல்வார். கப்பல் பழையது. கடலுக்குத் தாங்குமா என்ற சந்தேகம் அவனுக்கே இருக்கிறது. ஆனால் சோதித்துச் சரிசெய்யச் செலவாகும். எத்தனையோ பயணம் போய் வந்த கப்பல்தானே என்று சொல்லிச் சொல்லி மனதைச் சமாதானப்படுத்தி, கடைசியில் உண்மையாகவே நம்பிவிடுகிறான். புலம்பெயர்கிற குடும்பங்களை ஏற்றிக்கொண்டு போன கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவன் காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொள்கிறான். அவன் மனதார நம்பினான் என்பது அவனைக் காப்பாற்றாது என்கிறார் கிளிஃபோர்டு. அப்படி நம்ப அவனுக்கு உரிமை இல்லை.

மருத்துவர்களுக்குக் கிளிஃபோர்டைப் பிடிக்கும். ஆதாரம் கேட்கிற ஆள். நோயாளி சொல்வதை அப்படியே நம்பாதே என்பதற்கு அவரைத்தான் துணைக்கு அழைப்போம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் வாசித்தேன். இப்போது வாசித்தால் அந்தக் கப்பல் முதலாளி நான். 'இவளுக்கு ஒன்றும் இல்லை' என்பதும் ஒரு நம்பிக்கைதானே? அதற்கு நான் என்ன ஆதாரம் வைத்திருந்தேன்? எலும்பைக் காட்டுகிற ஒரு படத்தை வைத்துக்கொண்டு, எலும்பில் இல்லாத ஒன்றை இல்லை என்றேன். தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தொடுவதற்கு இரண்டு நிமிடம் ஆகும். வெளியே நூறு பேர் நின்றார்கள். சந்தேகப்படுவதை நாம் நடுநிலை என்று நினைத்துக்கொள்கிறோம். நம்பாமல் இருப்பதற்குச் செலவே இல்லை என்பது போல. செலவு இருந்தது. நான் கட்டவில்லை, அவ்வளவுதான்.

கிளிஃபோர்டு அங்கேயே நிற்கவில்லை. அந்தக் கப்பல் மூழ்காமல் பத்திரமாகக் கரைசேர்ந்திருந்தாலும் அவன் குற்றவாளிதான், கண்டுபிடிக்கப்படாத குற்றவாளி என்கிறார். இந்த இடத்துக்குப் பிறகு வருகிறேன்.

அறுவை சிகிச்சையை நானே செய்தேன். கைக்கான தனி நிபுணரிடம் அனுப்பலாமா என்று கேட்டேன். "நீங்களே பாருங்க சார்" என்றார். அது மன்னிப்பா, வேறு வழியில்லாததா என்று எனக்குத் தெரியவில்லை. பஸ் காசும் காரணமாக இருந்திருக்கலாம்.

இந்தச் சிகிச்சையில் ஒரு விசித்திரம் உண்டு. விரலின் அடியில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்த பிறகு, எங்கே வலிக்கிறது என்று நோயாளியால் சொல்ல முடியாது. விரலில் ரத்தம் வராமல் அடியில் ரப்பர் கட்டு போடுகிறோம். ரத்தம் வடிந்துவிட்டால் கட்டியின் நீலச் சாயலும் மங்கிவிடும். சுற்றியிருக்கிற திசுவில் அது எது, இது எது என்று கண் தடுமாறும். ஆகையால் ஊசிக்கு முன்னாலேயே, நோயாளி விழித்திருந்து வலியை உணர்கிறபோதே, கிளிப்பால் தொட்டுத் தொட்டு அந்தப் புள்ளியை நகத்தின் மேல் மையால் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் கையை என் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "இங்கயா?" "இல்ல சார், கொஞ்சம் மேல." "இங்க?" "அம்மா!" அங்கே ஒரு நீலப் புள்ளி வைத்தேன். மூன்று முறை எதை நம்பவில்லையோ அதை வைத்துத்தான் எங்கே வெட்டுவது என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது.

நகத்தைப் பலகையைப் பெயர்ப்பது போல மெதுவாக நெம்பி எடுத்தேன். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது, புள்ளி வைத்த இடத்துக்கு நேர்கீழே நகப்படுகை லேசாகப் புடைத்திருந்தது. நீளவாக்கில் கீறி இரு பக்கமும் விலக்கினேன். சாம்பலும் ரோஜாவும் கலந்த நிறத்தில், பளபளவென்று, தன் உறைக்குள் தனியாக உட்கார்ந்திருந்தது. கொஞ்சம் விட்டாலும் மறுபடி வளரும் என்பதால் சுற்றிலும் விடுவித்து முழுதாக எடுக்க வேண்டும். பயறு தோலை விட்டு வெளியே வருவது போல வந்தது. நான்கு மில்லிமீட்டர். நகப்படுகையை மிக மெல்லிய கரையும் நூலால் தைத்து, எடுத்த நகத்தையே மேலே மூடியாக வைத்துக் கட்டினேன். புது நகம் முழுதாக வளர நான்கைந்து மாதம் ஆகும்.

துணியில் வைத்து அவருக்குக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "இத்தனூண்டா சார்?" என்றார். பிறகு, "இத நான் வீட்டுக்குக் கொண்டுபோகட்டா? அத்தைகிட்டக் காட்டணும்" என்றார். திசு ஆய்வுக்கு அனுப்ப வேண்டும், தர முடியாது என்றேன். அவர் மகனைக் கூப்பிட்டு போனில் படம் எடுக்கச் சொன்னார். அளவு தெரிய வேண்டும் என்று பக்கத்தில் ஒரு ஒற்றை ரூபாய் நாணயத்தை வைக்கச் சொன்னதும் அவர்தான். வழக்கில் ஒரு சாட்சி தன் ஆவணத்தைத் தயார் செய்கிற கவனம் அதில் இருந்தது. கட்டு அவிழ்க்க வந்த அன்று மாமியாரும் வந்தார். விரலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மருமகளின் பையைத் தான் வாங்கித் தூக்கிக்கொண்டு போனார்.

இதோடு முடித்துவிட்டால் நல்ல கதை. உண்மை வென்றது, டாக்டர் திருந்தினார். ஆனால் அந்த நாணயம் வைத்த படம் என்னைத் தொந்தரவு செய்தது. கட்டி கிடைத்ததால் அவர் பொய் சொல்லவில்லை என்று ஆயிற்று. கிடைக்காமல் போயிருந்தால்? அவருடைய வலியில் எந்த மாற்றமும் இருந்திருக்காது. மாமியார் பையைத் தூக்கியிருக்க மாட்டார். நானும் அந்த மூன்று 'ஒன்றும் இல்லை'களை நினைத்துப் பார்த்திருக்க மாட்டேன். கட்டியைப் பார்த்த பிறகு வருகிற நம்பிக்கைக்குப் பெயர் நம்பிக்கை இல்லை, தகவல். அதைத் தர யாராலும் முடியும்.

இந்த ஞானோதயத்தில்தான் நான் அடுத்த தவறைச் செய்தேன்.

அவர் காஜா எடுக்கிறவர். சட்டைக்குப் பட்டன் துளை போட்டுக் கையால் ஓரம் கட்டுவது வேலை. வலது ஆள்காட்டி விரல் நுனியில் வலி, அங்குஸ்தான் போட முடியவில்லை என்று வந்தார். குளிரிலும் வலிக்கிறது என்றார். கிளிப்பால் அழுத்திப் பார்த்தேன். ஒருமுறை இங்கே வலித்தது, ஒருமுறை பக்கத்தில். பட்டையில் காற்றடித்தால் வலி குறைந்தது, போகவில்லை. ஸ்கேனில் எதுவும் இல்லை. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் சந்தேகத்துக்கிடமான ஒரு சின்ன மாற்றம் என்று எழுதியிருந்தார்கள், இருக்கலாம் இல்லாமலும் இருக்கலாம் என்கிற தொனியில். பழைய நானாக இருந்தால் மாத்திரை எழுதி அனுப்பியிருப்பேன். புதிய நான் அவர் தோளைத் தட்டி, "கவலைப்படாதீங்க, நீங்க சொல்றத நான் நம்பறேன். கட்டி இருக்கும், எடுத்துரலாம்" என்றேன்.

நகத்தைத் திறந்தேன். ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் தேடினேன். ஒன்றும் இல்லை. தைத்து மூடினேன். புது நகம் நடுவில் பிளந்து வளர்ந்தது. பழைய வலி அப்படியே இருந்தது. தழும்பின் வலி கூடச் சேர்ந்தது.

யோசித்தால், நான் அந்த மனிதரை நம்பவே இல்லை. பீடி சுற்றிய அம்மாவுக்குப் பட்ட கடனை அவர் விரலில் அடைக்கப் பார்த்தேன். அவர் சொன்னது வலிக்கிறது என்பது மட்டும். கட்டி இருக்கிறது என்பது நான் சேர்த்தது. இந்த இரண்டும் ஒன்றல்ல என்பது எவ்வளவு எளிய விஷயம்! ஒருவருக்கு வலிக்கிறது என்று ஏற்றுக்கொள்வதற்குச் செலவு குறைவு. பொய் சொல்கிறவர்கள் இல்லாமல் இல்லை. விபத்து வழக்குக்கு நொண்டுகிறவர்களை, லீவு சான்றிதழுக்கு முதுகைப் பிடிக்கிறவர்களை, ஊசிக்காகவே வருகிறவர்களை எல்லாம் பார்த்திருக்கிறேன். ஒரு பொய்யரை நம்பிவிட்டால் எனக்கு இரண்டு நிமிடமும் கொஞ்சம் மானமும் போகும். உண்மையானவரை நம்பாவிட்டால் அவருக்கு வருடங்கள் போகும். இந்தக் கணக்கில் நம்புவதே நியாயம். ஆனால் காரணத்தை நம்புவது வேறு கணக்கு. அங்கே கத்தி இருக்கிறது. அங்கே கிளிஃபோர்டு சொல்கிற அத்தனை கறாரும் வேண்டும். நான் முதல் நோயாளியிடம் வலியைச் சந்தேகப்பட்டேன். இரண்டாவது நோயாளியிடம் காரணத்தைச் சந்தேகப்படவில்லை. இரண்டு முறையும் தவறான பொருளின் மேல் கையை வைத்தேன்.

வலியை ஆராய்வதற்கான சர்வதேசச் சங்கம் 2020-இல் வலிக்கான வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொல்வது மதிக்கப்பட வேண்டும் என்று குறிப்பாகச் சேர்த்தார்கள். நம்பப்பட வேண்டும் என்று போடவில்லை, மதிக்கப்பட வேண்டும். முதலில் வழுக்கலான வார்த்தையாகத் தோன்றியது, கமிட்டி போட்டு எழுதினால் இப்படித்தான் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. நம்புவது என் மனதுக்குள் நடப்பது. அது வருகிற நாளும் உண்டு, வராத நாளும் உண்டு, நூறு பேர் வெளியே நிற்கிற நாளில் சுத்தமாக வராது. விரலைத் தொட்டுப் பார்ப்பது நம்பிக்கை வராத நாளிலும் செய்யக்கூடியது.

கப்பல் கரைசேர்ந்திருந்தாலும் முதலாளி குற்றவாளிதான் என்றாரே, அந்த இடம். அந்த அம்மாவின் விரலில் கட்டியே இல்லாமல் இருந்திருந்தாலும் நான் அவருக்குச் செய்தது அதேதான். இது எனக்கு விளங்கியது காஜா எடுக்கிறவரின் வழியாகத்தான், வெற்று விரலைத் திறந்து பார்த்த பிறகு.

போன மார்கழியில் அவர் மனைவியோடு வந்திருந்தார். மனைவி கோபத்தில் இருந்தார். "தொறந்தே பாத்துட்டாக, ஒண்ணும் இல்லன்னு ஆயிப்போச்சு. இன்னமும் வலிக்கி வலிக்கின்னு கடைக்குப் போகாம உக்காந்திருக்காக சார். நீங்களே சொல்லுங்க." அவர் தலையைக் குனிந்து விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் இல்லன்னு நான் சொல்லலம்மா. எனக்கு ஒண்ணும் தெரியலன்னு சொல்றேன்" என்றேன். இந்த வாக்கியத்தை என் தொழிலில் நான் அதிகம் பழகியதில்லை. சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது.

"அப்ப நடிக்கலங்கீங்க?"

"நடிக்கல. வலி இருக்கு."

"எதனால?"

"தெரியலம்மா. மதுரையில கைக்குன்னே பார்க்கிற ஒருத்தர் இருக்காரு, அவருக்கு எழுதித் தர்றேன். அவருக்கும் தெரியலன்னா திரும்பி வாங்க. நான் திறந்ததுல பிளந்த நகத்துக்கு நான்தான் பொறுப்பு."

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நம்பினாரா என்று சொல்ல முடியாத முகம். நான் சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் எழுந்து சுவர்ப் பக்கம் போவது தெரிந்தது. சுவிட்சைத் தேடித் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். காற்று அந்த விரலில் பட்டுக்கொண்டிருந்ததை அதுவரை நான் கவனித்திருக்கவில்லை.